இடப்பக்கத்திலிருந்து வரும் பந்து

மே 11, 2016

இன்றும் அதேதான். யாமிலெத் எறிந்த பந்து என் இடது காதில் அறைந்துவிட்டு உருண்டு போய், கூரை ஒழுகும் இடத்தில் வைத்திருந்த வாளியைத் தட்டிவிட்டது. தண்ணீர் கோர்ட் முழுக்கப் பரவி, கூடைப்பந்துப் பயிற்சி அத்தோடு முடிந்தது. எல்லாருக்கும் சந்தோஷம், டெல்சா டீச்சரைத் தவிர.

"நெரெய்தா, இந்த டீம்லயே நீதான் உயரம். வலப்பக்கம் வந்தா ஈயைக்கூடப் பிடிச்சிடுற. இடப்பக்கம் வந்தா மட்டும் தூங்கிடுறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் பேருந்தில் வரும்போது அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் சோம்பேறி என்றால் எல்லாப் பக்கமும் சோம்பேறியாகத்தானே இருக்க வேண்டும்? ஒரு ஆள் பாதி மட்டும் எப்படிச் சோம்பேறியாக இருக்க முடியும்?

மே 14

யாமிலெத்தைச் சோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். என் வகுப்புதான் அவளும். என் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். ஆனால் எங்கள் கோலோன் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் அவளைப் போல் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட யாருமில்லை. வாய் கையைவிட வேகம்.

நான் நடுவில் அசையாமல் நின்றேன். அவள் என்னைச் சுற்றி நடந்தபடியே எறிந்தாள். நேராக வந்தது, பிடித்தேன். வலமிருந்து வந்தது, பிடித்தேன். இடமிருந்து பந்து வரவே இல்லை. திடீரென்று தோளில் இருந்தது.

"நான் எறியறது உனக்குத் தெரியுதா இல்லையா?"

"எறிஞ்சது தெரியல. பட்டதுதான் தெரியுது."

"நெட்டை, வேணாம்டி. பயமா இருக்கு எனக்கு."

எனக்குப் பயமில்லை. இன்னும் எறியச் சொன்னேன். தோள் இப்போது வலிக்கிறது. பதில் மட்டும் கிடைக்கவில்லை.

மே 29

கிடைத்துவிட்டது. அம்மாவின் பார்லரில், கண்ணாடிக்கு முன்னால்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைவு என்று அம்மா எனக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். தலையில் சுற்றியிருந்த துண்டு சரிந்து வலது கண்ணை மூடியது. எதிரே கண்ணாடியில் நான் இல்லை. அம்மாவும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது, ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். துண்டை நகர்த்தினேன், அம்மா வந்தாள். மறுபடி மூடினேன், போய்விட்டாள். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன்.

"தலையை ஆட்டாதே. என்ன விளையாட்டு இது?"

"மா, எனக்கு இடது கண்ணு தெரியல."

"தூசி விழுந்திருக்கும்."

"இல்லமா. எப்பவுமே தெரிஞ்சதில்லன்னு நினைக்கிறேன்."

நகம் பூச வந்திருந்த அக்கா கையை நீட்டியபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் விரல்கள் என் தலையிலேயே நின்றுவிட்டன.

பதினேழு வயதுவரை ஒருத்திக்கு இது தெரியாமல் இருக்குமா? இருக்கிறதே. எல்லாரும் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படியானால் மற்றவர்கள் என்னதான் பார்க்கிறார்கள்? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

ஜூன் 9

கண் டாக்டர் விளக்கை அடித்து நெடுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் விழித்திரையில் பழைய தழும்பாம். நான் பிறப்பதற்கு முன்பே ஏதோ கிருமியால் ஏற்பட்டது. இனி கூடவும் கூடாது, குறையவும் குறையாது. கண்ணாடி போட்டாலும் பயனில்லை.

"பந்தை எப்படிப் பிடிக்கிற நீ?" என்று அவரே என்னைக் கேட்டார். தூரம் தெரிய ரெண்டு கண்ணும் வேண்டுமாம்.

தெரியாது என்றேன். பந்து பெரிதாகிக்கொண்டே வரும், பிடித்துவிடுவேன். அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

ஜூன் 10

அம்மா இன்று பார்லரைத் திறக்கவில்லை.

ஜூன் 12

கடைசியில் இன்று பேசினாள். துவரையும் தேங்காய்ப்பாலும் போட்டுச் சோறு பொங்கி, எனக்குப் போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என் வயித்துக்குள்ளயே நடந்திருக்கு. எனக்குத் தெரியாமப் போச்சே."

"உள்ள எட்டிப் பாத்திருக்க முடியுமா உன்னால? டாக்டரே சொன்னாரில்ல, யார் தப்பும் இல்லன்னு."

"டாக்டருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு." பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "யார்கிட்டயும் சொல்லாதே. உன் டீச்சர்கிட்டயும்தான். தெரிஞ்சா பெஞ்சுல உக்கார வச்சிடுவாங்க. அந்தப் பந்து ஒண்ணுதான் உன்னை இந்த ஊரை விட்டு வெளிய கொண்டுபோகும்."

நான் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று அம்மா நினைப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

ஜூலை 3

ஜாடியிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது ஜாடி வாயைத் தம்ளர் விளிம்பில் தொட்டுக்கொண்டுதான் ஊற்றுகிறேன். ஊசியில் நூல் கோர்க்கும்போதும் விரலால் தொட்டுத்தான். யாரும் சொல்லித் தரவில்லை. என் கை எனக்குத் தெரியாமலேயே இதையெல்லாம் செய்து வந்திருக்கிறது. இன்னும் என்னென்ன செய்கிறதோ.

ஜூலை 16

யாமிலெத்திடம் மட்டும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. கோர்ட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். 

"நீ ஏன் ரிங்குக்குக் கீழ நிக்கற? நாலு பக்கமும் ஆளு. இடது ஓரத்துக்குப் போ. அங்க உன் இடப்பக்கம் கோடு மட்டும்தான். கோடு வந்து உன்னை இடிக்காது."

போய் நின்றேன். மொத்தக் கோர்ட்டும் என் வலப்பக்கம் விரிந்துகிடந்தது. எல்லாரும் தெரிந்தார்கள் — யார் ஓடுகிறாள், யார் ஓடப்போகிறாள் என்பதுகூட. வாங்கிய பந்தை அப்படியே அவளுக்குத் திருப்பித் தந்தேன், அவள் கூடையில் போட்டாள். மறுபடியும் அதே.

டெல்சா டீச்சர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். விசிலை வாயில் வைத்தவர் ஊதாமலே எடுத்துவிட்டார்.

நவம்பர் 5

இன்று எங்கள் ஊரின் விடுதலைத் திருநாள். ஊர் முழுக்கக் கொட்டு முழக்கம், ஊர்வலம். யாமிலெத்தும் நானும் பொரித்த மீனைத் தின்றுகொண்டு பார்த்தோம். கோலோனில் இன்று மழையும் லீவு எடுத்துக்கொண்டது.

நவம்பர் 19

பனாமா சிட்டி. பள்ளிகளுக்கான போட்டியின் அரையிறுதியில் தோற்றுவிட்டோம். யாமிலெத் தனியாளாக நின்று அடித்தாள், அப்படியும் போதவில்லை.

ஆட்டம் முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெண்மணி வந்து எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நரைத்த குட்டை முடி. பெயர் கிராசா. போர்ச்சுகல்காரர், அங்கே ஏதோ ஒரு தீவில் பெண்கள் அணிக்குக் கோச். இங்கே பயிற்சி முகாம் நடத்த வந்தவராம். எங்கள் மொழியும் அவர் மொழியும் கலந்து பேசினார், புரிந்தது.

"நீ ஏன் கோழி மாதிரி தலையைச் சாய்ச்சு சாய்ச்சுப் பாக்கற?"

கழுத்து வலி என்று சொல்லியிருக்கலாம். அம்மாவாக இருந்தால் சொல்லியிருப்பாள். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் நீண்டநாளாக இருந்தது, கேட்பதற்கு ஆள் கிடைக்கவில்லை. இவர் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார்.

"எனக்கு இடது கண்ணு தெரியாது. என்னை மாதிரி வேற யாராவது ஆடி நீங்க பாத்திருக்கீங்களா? அவங்க என்ன பண்ணுவாங்க?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "நான் பாத்ததில்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நவம்பர் 20

"கேட்டாங்களாம், சொன்னாளாம்." அம்மா காலையிலிருந்து ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் இதைச் சொல்கிறாள், எதைப் பற்றி என்று சொல்லாமலே. "கடவுள் ஒரு கண்ணை மூடினாரு, அப்படியே வாயையும் மூடியிருக்கலாம்."

டிசம்பர் 16

பள்ளிக்கூடம் முடிந்தது. நிறைவு விழாவுக்கு எனக்கேற்ற நீளத்தில் அங்கி இல்லை; முழங்கால் தெரியும்படி மேடையேறினேன்.

பிப்ரவரி 22, 2017

பார்லரில் தலை அலசிவிடுகிறேன். குனிந்து குனிந்து இடுப்பு போகிறது. யாமிலெத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு மனு போட்டிருக்கிறாள். "கப்பல்ல ஏறி ஓடிப்போகவா?" என்றேன். "கப்பலையே தூக்கிக் காட்டறேன் பாரு," என்கிறாள்.

கிராசா போகும்போது டெல்சா டீச்சரிடம் என் நம்பரை வாங்கிக்கொண்டாராம்; போர்ச்சுகலிலிருந்து இன்னும் ஒன்றும் இல்லை. நான் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று அம்மாவிடம் சொல்கிறேன். எதிர்பார்க்காதவள் ஏன் போனைக் குளியலறைக்கும் எடுத்துப்போகிறாள்?

ஜூன் 3

கிராசா கூப்பிட்டார். கையெல்லாம் ஷாம்பு, போனை அம்மாதான் என் காதில் வைத்துப் பிடித்தாள்.

"நீ ஒரு கேள்வி கேட்டியே, அதுக்குத்தான் பதில் தேடிட்டிருந்தேன்," என்றார். இத்தனை மாதமும் கண் டாக்டர்களிடமும் வேறு கோச்சுகளிடமும் கேட்டுக்கொண்டிருந்தாராம். ஒற்றைக் கண்ணோடு ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடலாம். செப்டம்பரில் வா, ஒரு மாதம் பார்ப்போம். கிளப்பில் எல்லாரிடமும் என் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டாராம். சிலருக்குச் சம்மதமில்லை.

அம்மா போனை அணைத்துவிட்டு என் காதைத் துடைத்தாள்.  தொட்டியில் தலையைச் சாய்த்திருந்த பெண், "யாராவது என் தலையை முடிச்சு விடுங்கடி," என்றாள்.

ஜூன் 5

யாமிலெத்திடம் சொல்லப் போனேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள், குதித்தாள், எல்லாம் செய்தாள். பிறகு படியில் உட்கார்ந்தோம்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லணும். அன்னிக்கு அரையிறுதில நான் நல்லா ஆடினேனா?"

"எங்க எல்லாரையும்விட நீதான் நல்லா ஆடினே."

"அப்ப அந்தம்மா ஏன் என்கிட்ட வரல?"

 உயரம். வேறென்ன. அவளுக்கும் தெரியும்.

"நல்லா ஆடினது போதும்னு சொல்ல மாட்டேன்டி. போதல எனக்கு," என்றாள். "ஆனா நீ போய்ட்டு வா. போகாம இருந்தா உன்னைக் கொன்னுடுவேன்."

எனக்கு இடது ஓரத்தைக் காட்டியவள் அவள்தான். அவளுக்கு ஒரு ஓரத்தைக் காட்ட எனக்குத் தெரியவில்லையே. ஏன் இப்படி? யாரைக் கேக்கறது இதை?

செப்டம்பர் 8

தெர்சைரா, கிராசாவின் தீவு. மனிதர்களைவிட மாடு அதிகம். மேகம் தரைக்கு இறங்கி வந்து தெருவில் நடக்கிறது. கடல் கருப்பு, பாறை கருப்பு, மற்றதெல்லாம் பச்சை. இந்த நிலம் எப்படிக் கடல் நடுவில் வந்தது என்று கேட்டேன். எரிமலை என்றார்கள், ஏதோ அடுத்த தெருக் கடை என்பதுபோல.

செப்டம்பர் 12

என்னோடு அறையில் இருப்பவள் இதலீனா, உள்ளூர்ப் பெண், அணியில் பந்தை நடத்திக்கொண்டு போகிறவள். ஞாயிறன்று அவள் வீட்டில் சாப்பாடு. என்ன சமையல் என்று கேட்டதற்கு அவள் சொன்னது எங்கள் மொழியில் 'தூசிச் சோறு' என்று காதில் விழுந்தது. மரியாதைக்குத் தலையாட்டினேன். வந்தது கணவாய் மாதிரி எட்டுக் கால் பிராணி போட்ட சோறு; அவர்கள் மொழியில் அந்தத் 'தூசி' அதன் பெயராம். எவ்வளவு ருசி. அவள் அம்மாவைப் பார்த்து எங்கள் ஊர்ச் சொல்லில், "எக்ஸ்கிசீத்தோ" என்றேன், பிரமாதம் என்று.

அந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. இதலீனா நாற்காலியிலிருந்து விழப் பார்த்தாள். அவர்கள் மொழியில் அதற்கு 'என்னவோ மாதிரி இருக்கு' என்று அர்த்தமாம்.

இரண்டு மொழிக்கும் ஒரே சொல். ஒன்று ஏன் பிரமாதமாகவும் ஒன்று ஏன் 'என்னவோ மாதிரி'யாகவும் போனது? எந்த இடத்தில் பிரிந்திருக்கும்?

செப்டம்பர் 27

இன்று எழுதவே பிடிக்கல.

கிளப் தலைவர் பால்பண்ணைக்காரர். கிராசாவோடு பேசிக்கொண்டிருந்தார், கதவு திறந்துதான் இருந்தது. "ஒத்தைக் கண்ணு மாட்டை நான் விலைக்கு வாங்க மாட்டேன்." இவ்வளவு போர்ச்சுகீசு எனக்குப் புரியும்.

மாடாம். நான் மாடாம். இதலீனா சமாதானம் சொல்றா: "அவரு எல்லாத்தையும் மாட்டை வச்சுத்தான் பேசுவாரு. போன வருஷம் என்னை நல்ல கெடேரின்னாரு. பாராட்டாம் அது." சிரிப்பு வரல. இவ்வளவு தூரம் வந்து, இந்தக் குளிர்ல, இதுக்கா? அம்மா சொன்ன மாதிரி வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமோ?

இல்ல. இருந்திருந்தா எப்பவும் பயந்துகிட்டேதானே ஆடணும்?

ஆனா ஒண்ணு யோசிக்கணும். அவரு பயப்படறது எதுக்கு? என் கண்ணுக்கா, இல்ல அதைப் பத்தித் தெரிஞ்சதுக்கா? தெரியாமப் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?

செப்டம்பர் 30

அதையே செய்து பார்த்துவிட்டேன்.

இன்று இரண்டு பிரிவாகப் பயிற்சி ஆட்டம். தலைவரும் கிளப்காரர்களும் பார்க்க வந்திருந்தார்கள். தொடங்குமுன் மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்து இடது கண்ணை நன்றாக ஒட்டிக்கொண்டேன். இதலீனா கண்டுகொண்டாள், ஒன்றும் கேட்கவில்லை. கிராசா கேட்க வாயெடுத்தார், விட்டுவிட்டார். முதல் பாதி அப்படியே ஆடினேன். இடைவேளையில் பிளாஸ்திரியைப் பிய்த்தேன் — புருவம் பாதி அதோடு போனது. இரண்டாம் பாதி ரெண்டு கண்ணும் திறந்து.

முடிந்ததும் தலைவருக்கு முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவேண்டியிருந்தது.

"எந்தப் பாதியில நான் நல்லா ஆடினேன்?"

அவர் யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார், அதைச் சொல்லவேண்டும்.

"ஒட்டியிருந்தப்பதான்," என்றார்.

கிராசா திரும்பிக்கொண்டு இருமினார். சிரிப்பை மறைக்கும் இருமல்.

"நான் எப்பவும் ஆடறது அந்த ஆட்டந்தான்," என்றேன். "நீங்க புதுசா எதையும் வாங்க வேண்டாம்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அந்த இன்னொரு கண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா? உன் அம்மாகிட்ட யார் போய்ச் சொல்றது?"

ஓ. பயம் அதற்கா? இத்தனை நாளும் எனக்கு இது தோன்றவே இல்லை. நான் இதைக் கேட்காமல் போனது எப்படி?

அக்டோபர் 6

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. ஒரே நிபந்தனை: காப்புக் கண்ணாடி இல்லாமல் கோர்ட்டில் கால் வைக்கக்கூடாது.

அக்டோபர் 21

கண்ணாடி ஆவி பிடித்துக்கொள்கிறது. ஊர்ப் பிள்ளைகள் எனக்கு நீச்சல்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் ஆட்டம் தோல்வி. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், ஆவி நின்றது, கண் எரிந்தது. உருளைக்கிழங்கு தேய்த்துப் பார்க்கச் சொன்னாள் இதலீனாவின் அம்மா. அது வேலை செய்கிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

டிசம்பர் 10

தொடர்ந்து தோற்கிறோம். வெளியே காற்று. அம்மாவிடம் பேசினால் அழுதுவிடுவேன் என்று பேசவில்லை.

பிப்ரவரி 4, 2018

யாமிலெத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டி தூக்கும் கிரேன் ஓட்டுகிறாள். போனில் படம் அனுப்பினாள், கண்ணாடிக் கூண்டு, கீழே கப்பல் பொம்மை மாதிரி.

"நெட்டை, இப்ப யாரு உயரம்?"

"மேல பயமா இல்லையா?"

"பயமா? கீழ நின்னு உங்க அக்குள் வாசனையில ஆடினவடி நான். இங்க காத்தாவது வருது." பிறகு, குரல் மாறி, "இங்கயும் தூரத்தைக் கணக்குப் போடறதுதான் வேலை. பந்தை எறியற மாதிரியேதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை துறைமுக டீமுக்கும் ஆடறேன்."

நன்றாக ஆடுகிறாயா என்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது.

மே 20

தெருவில் காளையைக் கயிற்றில் கட்டி ஓட விடுகிறார்கள். கயிற்றைச் சிலர் பிடித்திருக்க, மற்றவர்கள் காளைக்கு முன்னால் போய்ப் போய் ஓடிவருகிறார்கள். தலைவர், அந்தப் பால்பண்ணைக்காரர், இந்த வயதிலும் குடையை விரித்துக் காளைக்கு முன்னால் ஆட்டினார். மதில்மேல் ஏறிக்கொண்டு இதலீனாவைக் கேட்டேன், எதற்கு இது? "எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது? மே மாசம்," என்றாள்.

கடைசி ஆட்டத்தில் ஜெயித்தோம். இன்னும் ஒரு வருடத்துக்கு என்னை இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 17, 2019

நேற்று லிஸ்பன் அணியிடம் தோற்றோம், சொற்பத்தில்தான். ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல.

ஆட்டம் தொடங்கியதுமே ஏதோ வித்தியாசம். அவர்கள் ஆட்கள் இரண்டிரண்டு பேராக என் இடப்பக்கமே வந்தார்கள். கோட்டுக்கும் எனக்கும் நடுவில் புகுந்தார்கள். முதல் பாதி முழுக்கத் திணறினேன். அப்புறம் கிராசா இதலீனாவை என் இடப்பக்கம் நிறுத்தி, யார் வருகிறார்கள் என்று வாய் ஓயாமல் கத்தச் சொன்னார். அதன்பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

இரவு மூடுபனி இறங்கி விமானம் ரத்து. அவர்களும் எங்களோடு அதே கடையில் சாப்பிட வந்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. என் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் கோச் வாஸ்குவுக்கு எதிரே உட்கார்ந்தேன். இதலீனா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தது வீண்.

"இன்னிக்கு உங்க ஆளுங்க என் இடப்பக்கமே ஏன் வந்தாங்க?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு கேக்கறேன்."

அவருக்குச் சுவாரசியம் வந்துவிட்டது. என் ஆட்டங்களின் வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்தாராம். ரொட்டித் துண்டுகளை வைத்துக் காட்டினார். "பந்து உன் இடப்பக்கம் போனா, உன் வலது கால் கொஞ்சம் பின்னால போகுது. தலை திரும்பறதுக்கு முன்னாலயே. ஒவ்வொரு தடவையும்."

வலது காலா? எனக்கே தெரியாது. மேசைக்கு அடியில் குனிந்து என் காலைப் பார்த்தேன்.

"அப்ப கண்ணைப் பத்தி?"

"எந்தக் கண்ணு?"

அவருக்குத் தெரியாது. கண்ணாடி ஏதோ அலர்ஜிக்கு என்று நினைத்திருக்கிறார்.

"என் இடது கண்ணு தெரியாது. பிறந்ததுல இருந்தே."

 அவர் மேசையில் இருந்த ரொட்டித் துண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சரி. இங்க உன் ஒப்பந்தம் எப்ப முடியுது?"

ஜூனில் என்றேன்.

"லிஸ்பன்ல யாராவது கூப்பிட்டா வருவியா?"

யோசிக்கவேண்டும் என்றேன். யோசிக்கத்தான் வேண்டும், இதலீனா இருக்கிறாள், கிராசா இருக்கிறார். கிராசா தன் மேசையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கேட்காததுபோல் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை அம்மாவைக் கூப்பிட்டு வலது காலைப் பற்றி முழுக்கச் சொன்னேன். எப்படிப் பின்னால் போகிறது, ஏன் போகிறது என்று நான் நினைக்கிறேன், சின்ன வயதில் தெருவில் நடக்கும்போதும் அப்படிச் செய்வேனா என்றெல்லாம் கேட்டேன். அம்மாவும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். நெடுநேரம் பேசினோம்.

லிஸ்பனைச் சொல்ல மறந்துவிட்டேன். திரும்பக் கூப்பிட வேண்டும்.